இந்த மண்ணில் இரும்பு இல்லை

19 ஜனவரி 2024, வெள்ளி

நான் சொல்லச் சொல்ல யமுனா எழுதுகிறாள். எனக்கு எழுத்து தெரியாது. இந்த வயதுவரை பெருவிரல்தான் என் கையெழுத்து. சர்வே ஆட்கள் ஒரு நோட்டு கொடுத்திருக்கிறார்கள், எந்த நிலத்தில் என்ன இரும்பு புதைந்திருக்கிறது என்று தினமும் எழுதி வைக்க. முன்பக்கத்திலிருந்து அவர்களுக்கு. பின்பக்கத்திலிருந்து எனக்கு என்று வைத்துக்கொண்டேன். யமுனா என் மருமகள், பள்ளிப்பட்டில் தமிழ் படித்தவள். நான் பேசுகிற மாதிரியே எழுதினால் படிக்க நன்றாயிருக்காது என்கிறாள். அவள் இஷ்டம்.

இன்று வேலைக்குப் போய் ஏழாம் நாள். வேலை என்றால் நடப்பதுதான். ஹரிதா என்கிற பெண் முதுகில் ஒரு பையை மாட்டிக்கொண்டு நடக்கிறாள். பையிலிருந்து தலைக்கு மேலே ஒரு கழி நிற்கிறது. கழியின் நுனியில் சொம்பு மாதிரி ஒன்று. ஐம்பது மீட்டருக்கு ஒரு மூங்கில் முளை. முளைக்கு முளை நின்று, மூச்சைப் பிடித்துக்கொண்டு பொத்தானை அழுத்துகிறாள். நாற்பத்தோராயிரத்துச் சொச்சம் என்று ஒரு எண் வருகிறது. குறித்துக்கொண்டு அடுத்த முளை. கேஸ் தேடுகிறார்களாம்.

"எங்கம்மா இருக்குது கேஸு?" என்று முதல் நாளே கேட்டேன்.

"ரொம்பக் கீழ தாத்தா. கருப்புக் களிமண்ணு இறுகிப் பாறையா ஆயிருக்கும். அதுக்குள்ள மாட்டிக்கினு இருக்கும்."

"இந்தச் சொம்பு அத மோந்து பாத்துருமா?"

"மோந்தெல்லாம் பாக்காது. களிமண் பாறைக்குக் காந்தம் கிடையாது, அதுக்கும் அடியில இருக்கிற கெட்டிப் பாறைக்கு இருக்குது. அந்தக் கெட்டிப் பாறை எவ்ளோ ஆழத்துல கீதுன்னு இது சொல்லும். அவ்ளோதான்."

ஏரியில் கழியை விட்டு வண்டல் எத்தனை முழம் என்று பார்ப்போமே, அதுதான் என்றேன். "அதேதான் தாத்தா!" என்று கையைத் தட்டினாள். வண்டல் கனமாக இருக்கிற இடத்தில்தான் கேஸுக்கு வழி. அங்கேதான் பின்னால் போர் போடுவார்கள்.

அந்தச் சொம்புக்கு ஒரு குறை. பூமியின் காந்தத்தையும் மனுஷன் புதைத்த இரும்பையும் அதற்குப் பிரித்துத் தெரியாது. அதைச் சொல்லத்தான் நான். பஞ்சாயத்து ஆபீசில் "பழசெல்லாம் யாருக்குத் தெரியும்" என்று கேட்டிருக்கிறார்கள். எல்லோரும் கருப்பன் வீட்டைக் காட்டினார்களாம். பிச்சாட்டூர் அணைக்கு மண் சுமந்தவன் நான். கரை ஓரத்தில் புதைந்து போன தள்ளுவண்டியின் அச்சு எங்கே என்று எனக்குத் தெரியும். பெரிய வீட்டுக்காரர் போட்டுத் தண்ணீர் வராமல் மூடிய போர் மூன்று, அவற்றில் குழாயோடு மூடியது இரண்டு. சொன்னேன். கழியைக் கொண்டு போனார்கள், எண் எகிறியது. ஹரிதா என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே!

20 ஜனவரி

அரைஞாண் கயிற்றில் பெட்டிச் சாவி இருப்பதை மறந்து கிட்டே போய்விட்டேன். மிஷின் கண்டுபிடித்துவிட்டது. ஹரிதா சிரித்தாள். என் பெண்டாட்டி கிருஷ்ணம்மா சிரிக்கவில்லை, சாவியை நான் அவிழ்த்து வரப்பில் வைத்துவிட்டு வந்ததைச் சொன்னபோது.

23 ஜனவரி, செவ்வாய்

இன்று சர்வே கோடு எங்கள் காலனி நிலத்துக்கு வந்தது. எனக்கு இரண்டு ஏக்கர். கன்னையாவுக்கு இரண்டு. வெங்கடலட்சுமிக்கு ஒன்றரை. எல்லாம் சர்க்கார் கொடுத்த பட்டா. அதற்கு முன்னால் இந்த மண்ணில் கூலிக்குக் குனிந்தோம், அவ்வளவுதான்.

பெரிய ஆபீசர் ஸ்ரீஹரி சாரும் வந்திருந்தார். அவர் விஜயவாடா பக்கம், தெலுங்குதான் பேசுவார். இங்கே என்ன இருக்கிறது என்று ஹரிதாவை விட்டுக் கேட்கச் சொன்னார். நின்ற இடத்திலேயே சொன்னேன்: ஏரிக்கரை முதல் ஒற்றைப் பனை வரை இரும்பு கிடையாது. ஒரு ஆணி கிடையாது. போர் கிடையாது, கம்பி வேலி கிடையாது, கரண்டுக் கம்பம் கிடையாது. இந்த மண்ணை நான் கையால் கிளறியிருக்கிறேன். அவர் எழுதிக்கொண்டார். கேட்கவே நன்றாயிருந்தது, நான் சொல்ல ஒரு ஆபீசர் எழுதுவது.

பதினான்கு முளைகள். எல்லாம் நானே நட்டேன். சனிக்கிழமை வந்து எண் எடுப்பார்களாம்.

சாயங்காலம் டீக்கடையில் எல்லோரும் சூழ்ந்துகொண்டார்கள். கொஞ்சம் பெருமையாகத்தான் பேசினேன். "இவ்ளோ பெரிய மிஷினு, ஒரு ஊக்கு கிட்ட வந்தா போதும், நடுங்கிப் போவுது" என்றேன். கன்னையா டீயைக் குடிக்காமல் கேட்டுக்கொண்டிருந்தான்.

25 ஜனவரி, வியாழன்

தைப்பூசம். வேலை இல்லை. யமுனா தோசைக் கரண்டியைத் தேடித் தேடி அலுத்துவிட்டாள். தம்ளரின் விளிம்பால் தோசையைத் திருப்பினாள். தின்றோம், பிய்ந்த தோசையை.

(நான் எழுத வேண்டாம் என்றேன், மாமா எழுதச் சொல்கிறார். – யமுனா)

கன்னையாவின் எருமைக்குப் பால் குறைந்துவிட்டதாம். முளை நட்ட மறுநாளிலிருந்து என்கிறான்.

27 ஜனவரி, சனி

எண் எகிறுகிறது.

முதல் முளையில் எகிறியது. சரி, ஏதோ என்று பார்த்தால் இரண்டாவதிலும். மூன்று, நான்கு – பதினான்கும். ஹரிதா தன் தலைமுடியைத் தடவிப் பார்த்தாள், செருப்பைக் கழற்றி வீசினாள், என்னைத் தூரப் போகச் சொன்னாள், தானே திரும்ப நடந்தாள். அப்படியும் எகிறியது. முளையை விட்டுப் பத்தடி தள்ளி நின்றால் சரியாக இருக்கிறது. முளைக்குப் போனால் எகிறுகிறது.

"தாத்தா, இங்க ஏதாச்சும் பழைய குழாய் லைன் போவுதா? நல்லா யோசிச்சிப் பாருங்க."

"இல்லம்மா."

"ரொம்ப நாளைக்கு முன்ன?"

"இல்ல."

இன்னொரு முறை கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை.

28 ஜனவரி, ஞாயிறு

தூக்கம் பிடிக்கவில்லை. மறக்கிறேனோ? சாவியை மறந்தேன் அன்று. துண்டைத் தோளில் போட்டுக்கொண்டே துண்டைத் தேடினேன் போன மாதம். எனக்கு நோட்டும் படிக்கத் தெரியாது, பத்திரமும் படிக்கத் தெரியாது, எனக்கு இருப்பதெல்லாம் மண்டைக்குள் இருப்பதுதான். அது போச்சின்னா நான் யாரு?

காலையில் என்னை நானே சோதித்தேன். பட்டா கொடுத்த நாள். தாசில்தாரின் ஜீப்பில் இடப்பக்கக் கண்ணாடி உடைந்திருந்தது. வரிசையில் முதலில் கன்னையாவின் நைனா, கடைசியில் நான். என் முறை வந்தபோது தாசில்தாரின் பேனாவில் மை தீர்ந்தது. பக்கத்தில் இருந்த போஸ்ட்மாஸ்டர் தன் பேனாவைக் கொடுத்தார். பச்சை மை. ஆகவே என் பட்டாவில் மட்டும் கையெழுத்து பச்சை.

யமுனாவைப் பெட்டியைத் திறந்து பார்க்கச் சொன்னேன். பார்த்தாள்.

"பச்சைதான் மாமா. மங்கிப் போயிருக்குது, ஆனா பச்சைதான்."

பச்சை மை ஞாபகம் கீது. காலுக்குக் கீழ இருக்கிறது தெரியாம போயிடுச்சா?

30 ஜனவரி, செவ்வாய்

ஸ்ரீஹரி சார் வந்தார். ஹரிதாவிடம் தெலுங்கில் பேசினார். எனக்குத் தெலுங்கு தெரியாது என்று நினைத்திருக்கிறார்! இந்த ஊரில் மாடுகூடத் தெலுங்குக்குத் திரும்பும். பெரியவருக்கு வயதாகிவிட்டது, எதையோ மறந்திருக்கிறார், அவர் பேச்சை நம்பி எழுதினது நம் தப்பு என்றார். ஹரிதா இல்லை என்று வாதாடினாள். அவளுக்கும் சேர்த்துத்தான் திட்டு.

மகன் போன் செய்தான். "போதும் நைனா, வெயில்ல சுத்திக்கினு இருக்காத, வீட்டோட இரு" என்றான். அவனுக்கு யார் சொன்னது?

31 ஜனவரி, புதன்

விடிந்ததும் தனியாக நிலத்துக்குப் போனேன். யாரிடமும் சொல்லவில்லை. மிஷின் இல்லை, ஹரிதா இல்லை, நான் மட்டும். ஒன்பதாவது முளை, கன்னையாவின் நிலத்தில். அங்கே குந்தி உட்கார்ந்து மண்ணைப் பார்த்தேன்.

அந்த முளையை நட்டவன் நான். நட்டால் சுற்றிலும் குதிகாலால் மிதித்து இறுக்குவேன், அது என் வழக்கம். என் குதிகால் தடம் அங்கே இருக்க வேண்டும். இல்லை. உள்ளங்கையால் தட்டித் தட்டிச் சமன் செய்த மண்.

விரலை விட்டுத் தோண்டினேன். ஒரு சாண் ஆழத்தில் மஞ்சள் துணி. துணிக்குள் ஏர்க்கொழு. இடப்பக்கம் தேய்ந்த கொழு. கன்னையாவின் செவலைக் காளை இடப்பக்கமே இழுத்துக்கொண்டு போகும், அது செத்து இருபது வருஷம். அந்தக் கொழு எனக்குத் தெரியாதா?

பத்தாவது முளைக்கு ஓடினேன். ஓடினேன் என்றுதான் எழுத வேண்டும், யமுனா. அங்கே வெங்கடலட்சுமியின் நுனி முறிந்த அரிவாள். அவள் மாமியார் காலத்திலேயே முறிந்தது. அடுத்தது என் நிலம். என் நிலத்து முளைக்கு அடியில் –

தோசைக் கரண்டி.

வரப்பில் உட்கார்ந்து சிரித்தேன். ஆடு மேய்க்க வந்தவள் நின்று பார்த்துவிட்டுப் போனாள். எனக்கு ஒன்னும் ஆவல. எல்லாம் அப்படியே கீது உள்ள. இரும்பு இல்லை என்று நான் சொன்ன நாளில் இங்கே இரும்பு இல்லை.

கரண்டியைக் கொண்டுபோய்க் கிருஷ்ணம்மாவின் முன்னால் வைத்தேன்.

"இன்னாடி இது?"

"கரண்டி."

"தெரியுது. முளைக்கு அடியில தோசையா சுட்டுக்கினு இருந்த?"

"நீதான்யா டீக்கடையில சொன்ன, அந்த மிஷினு இரும்பப் பாத்தா நடுங்குதுன்னு. இரும்பப் பாத்து நடுங்குறது வேற எது? நீயே சொல்லு."

பிள்ளை பெற்றவளின் தலைமாட்டில் நாங்கள் இரும்பு வைக்கிறோம். சுடுகாட்டு வழியாகப் போகிறவன் மடியில் ஆணி முடிந்துகொண்டு போகிறான். எது இரும்புக்குப் பயப்படும் என்று எங்களில் யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. கன்னையாவின் எருமை வேறு பால் குறைத்துக்கொண்டது. மண்ணின் சத்தை உறிஞ்ச வந்த ஒன்று, இரும்புக்கு நடுங்குகிறது – அப்புறம் என்ன, பதினான்கு முளைக்கும் ஆளுக்கொன்று புதைத்துவிட்டார்கள். என்னைத் தவிர காலனி முழுக்கத் தெரியும்.

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்றதுக்கின்னா?"

"சொன்னா நீ போயி அந்தப் பொண்ணுகிட்ட ஒப்பிப்ப. ஒன்னையும் மறக்க மாட்டியே நீ."

யமுனா எழுதாமல் சிரித்துக்கொண்டிருக்கிறாள். எழுது.

1 பிப்ரவரி, வியாழன்

நான் தோண்டினது தெரிந்து கன்னையா வந்தான். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"மாமா, அத எடுக்காத. அப்படியே உட்டுடு."

"மிஷினுக்கு ஒன்னும் ஆவாதுடா. அது பேயும் இல்ல, பிசாசும் இல்ல. எண்ணு தப்பாப் போவுது, அவ்ளோதான்."

"போவட்டுமே! நல்லதாப் போச்சி. இங்க ஒன்னும் புரியலன்னு எழுதிக்கினு போயிடுவாங்க. எண்ணு சரியா வந்து, இங்கதான் கேஸு கீதுன்னு போர் வண்டி வந்து நின்னா? ரெண்டு ஏக்கராவ வச்சிக்கினு எங்க போவ நீ?"

அவன் கேட்டது நியாயம்தான். பொழுது சாயும்வரை யோசித்தேன். அப்படியே விட்டால் யாருக்கும் தெரியாது. மண்ணும் பிழைக்கும். ஆனால் இரும்பு இல்லை என்று நான் சொல்லி, ஒரு ஆபீசர் எழுதியிருக்கிறார். அந்த எழுத்து பொய்யாகக் கிடக்கும். அந்தப் பெண் என்னால் திட்டு வாங்கிக்கொண்டிருப்பாள்.

"போர் வண்டி வந்தா பட்டாவக் கையில வச்சிக்கினு முன்னால நிப்போம்" என்றேன். "நான் நிக்கிறேன் முதல்ல. கரண்டியையும் கொழுவையும் புதைச்சி வச்சா காப்பாத்தணும்? அப்படி வாங்கினதில்லடா இது."

"பேச்செல்லாம் நல்லாத்தான் கீது. ஆபீசருங்க கேப்பாங்களே, யாரு வச்சதுன்னு? எங்க பேரெல்லாம் வரிசையாச் சொல்லுவ. உனக்குத்தான் எல்லாம் ஞாபகமாச்சே!"

போய்விட்டான்.

2 பிப்ரவரி, வெள்ளி

ஹரிதாவிடம் காலையிலேயே சொன்னேன், முளைக்கு அடியில் புதிதாக இரும்பு வைத்திருக்கிறார்கள் என்று. யார், ஏன் என்று கேட்கவில்லை அவள். கண்ணை மூடிக்கொண்டு ஒரு பெரிய மூச்சு விட்டாள். "மிஷினு நல்லாத்தான் இருக்குது. நானும் நல்லாத்தான் இருக்கேன்" என்றாள். "நானும்" என்றேன்.

மிச்சத்தை இரண்டு பேரும் தோண்டினோம். லாடம், கடப்பாரைத் துண்டு, கிணற்று வாளியின் காது, சைக்கிள் செயின், அரிவாள்மணையின் அலகு, கதவுத் தாழ்ப்பாள். வீட்டிலிருந்து கரண்டியையும் கொண்டுவந்திருந்தேன், கணக்கு பதினான்காக இருக்கட்டும் என்று. ஒரு சாக்கில் போட்டேன். போட்டுக்கொண்டிருக்கும்போதே ஸ்ரீஹரி சாரின் வண்டி வந்து நின்றது.

சாக்கைக் கவிழ்க்கச் சொன்னார். கவிழ்த்தேன். குச்சியால் ஒவ்வொன்றாகத் தள்ளித் தள்ளிப் பார்த்தார். முகம் சிவந்துவிட்டது. ஒரு வாரத்து வேலை வீண், இது வேண்டுமென்றே செய்தது, ஸ்டேஷனில் எழுதிக் கொடுக்கப் போகிறேன் என்றார்.

"எவரிதி இதி? பேர்லு செப்பு."

யாருடையது, பெயர்களைச் சொல். கோபத்தில் ஹரிதாவை விட்டுவிட்டு என்னையே கேட்டார்.

கீழே பார்த்தேன். லாடம் யார் வீட்டு மாட்டுடையது, அந்த மாடு எந்தச் சந்தையில் வாங்கினது. தாழ்ப்பாள் எந்தக் கதவுடையது, அந்தக் கதவை எந்தப் புயல் கழற்றியது. சைக்கிள் யார் கல்யாணத்துக்கு வந்தது. பதினான்கும் பதினான்கு முகம் மாதிரி என்னைப் பார்த்துக்கொண்டு கிடந்தன. தூரத்தில் வெங்கடலட்சுமி கையில் களைக்கொட்டோடு நின்றாள். களை எடுக்கவில்லை.

"தெரியலங்க சார்" என்றேன்.

"உனக்கு எல்லாம் தெரியும்னு சொன்னாங்களே?"

"அப்ப தெரிஞ்சிது. இப்ப வயசாயிடுச்சி. ஞாபகம் நிக்கல."

என் வாயால் இந்த வார்த்தையை நான் சொன்னது இதுதான் முதல் தடவை. நாக்கில் இரும்பை வைத்த மாதிரி இருந்தது. ஸ்ரீஹரி சார் ஹரிதாவைப் பார்த்தார், நான் அன்றைக்கே சொல்லவில்லையா என்கிற மாதிரி. ஹரிதா என்னைப் பார்த்தாள். அந்தச் சாக்கில் முதல் ஐந்து உருப்படியை எடுக்கும்போதே "இது மூணு தடவ சாணை பிடிச்சது, இது கொல்லன் மாத்திக் குடுத்தது" என்று அவளிடம் கதை சொல்லிக்கொண்டிருந்தவன் நான்.

"திரும்ப எண் எடுத்துரலாம் சார், வெயில் ஏறுறதுக்கு முன்னாடி" என்றாள், தெலுங்கில்.

பதினான்கு முளையும் நடந்தோம். ஒன்றுகூட எகிறவில்லை. ஏரிக்கரை முதல் ஒற்றைப் பனை வரை, நான் சொன்னபடி.

பெயர் ஒன்றும் கிடைக்காததால் ஸ்டேஷன் பேச்சை விட்டுவிட்டு, வழிகாட்டிக்கு ஞாபகம் சரியில்லை என்று ஸ்ரீஹரி சார் காகிதத்தில் எழுதினார். எழுதட்டும்.

4 பிப்ரவரி, ஞாயிறு

நேற்றுச் சாயங்காலம் சாக்கைப் பிரித்துத் தண்ணீர்த் தொட்டி மேடையில் எல்லாவற்றையும் பரப்பி வைத்துவிட்டு வந்தேன். யாரையும் கூப்பிடவில்லை. காலையில் பல் துலக்கப் போனால் மேடை காலி. கடப்பாரைத் துண்டைக்கூட விட்டு வைக்கவில்லை.

பத்து மணிக்குக் கன்னையா ஒரு சொம்பு தயிரோடு வந்தான்.

"எருமை?"

"கறக்குது மாமா. கட்டுத்தறிய மாத்திக் கட்டினேன். அங்க எறும்புப் புத்து இருந்திருக்குது, ராத்திரியெல்லாம் நின்னுக்கினே இருந்திருக்குது பாவம்."

இப்போது உட்கார்ந்தான்.

12 பிப்ரவரி

ஹரிதா சொல்லிக்கொள்ள வந்தாள். கையில் திருச்சானூர்ப் பிரசாதம், அவளுக்கு ஊர் அதுதான். கிருஷ்ணம்மா தோசை சுட்டுப் போட்டாள். முழுத் தோசை. நான்கு தின்றாள் அந்தப் பெண். கரண்டியைப் பார்த்தாள், சிரிப்பை அடக்கிக்கொண்டாள், இன்னொன்று கேட்டு வாங்கினாள்.

எங்கள் பக்கம் கெட்டிப் பாறை மேலேயே வந்துவிட்டதாம். வண்டல் கனம் போதாது. இங்கே போர் போட மாட்டார்கள். சத்தியவேடு பக்கம் போகிறார்கள்.

கன்னையாவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் கணக்குப் போட்டுப் பார்த்தான். "அப்ப இரும்பு வச்சிருந்தாலும் ஒன்னுதான், வைக்காட்டியும் ஒன்னுதானா?" என்றான். "ஒன்னுதான்" என்றேன். "நல்ல கூத்து மாமா" என்று தலையைச் சொறிந்தான்.

சத்தியவேட்டுக்கு வேறு ஆளை வைத்துக்கொள்கிறார்களாம். படித்த பையன், மேப் பார்க்கத் தெரிந்தவன். சரிதான். அந்தத் தூரத்துக்கு என் முழங்காலும் வராது. இருந்தாலும் காலையில் எழுந்ததும் அரைஞாணிலிருந்து சாவியை அவிழ்க்கக் கை போகிறது.

17 பிப்ரவரி

வேர்க்கடலை பிடுங்கத் தொடங்கியாயிற்று. காய் நல்ல திரட்சி. பதினான்கு முளையையும் பிடுங்கி விறகாக்கினாள் கிருஷ்ணம்மா.

3 மார்ச், ஞாயிறு

மத்தியானம் படுத்திருந்தேன். யமுனா போனைக் காதில் வைத்தாள். ஹரிதா.

"தாத்தா, சத்தியவேட்டுல இருந்து பேசுறேன். இங்க ஒரு ஏரி. மதகுக்குத் தெக்கால எண்ணு எகிறுது. இங்க யாருக்கும் ஒன்னும் தெரியல. மேப்புலயும் இல்ல."

"மதகுக்குப் பக்கத்துல கல்லு மண்டபம் ஒன்னு, கூரை போனது, இருக்குதா?"

"இருக்குது."

"அதுக்குப் பக்கத்துல படி எறங்குதா, ஏழு படி?"

எண்ணினாள் போலிருக்கிறது. "ஏழு தாத்தா."

"மழை பொய்ச்ச வருஷம் அங்க தூர் வார வந்தேம்மா, கூலிக்குப் பதிலா கோதுமை குடுத்தாங்க. பழைய மதகோட இரும்புப் பலகை, ரெண்டு ஆள் நீளம், தூக்க முடியாம அங்கயே மண்ணத் தள்ளி மூடிட்டாங்க. கடைசிப் படியில இருந்து தெக்க பன்னெண்டு தப்படி வச்சிப் பாரு. என் தப்படி, உன் தப்படி இல்ல. நீ பதினஞ்சி வை."

காத்திருந்தேன். காற்றுச் சத்தம், அப்புறம் யாரோ கடப்பாரை போடுகிற சத்தம், அப்புறம் டங் என்று ஒன்று. போனிலேயே கேட்டது எனக்கு.

அங்கே அவள் சிரித்தாள். "தாத்தா, உங்களுக்கு ஞாபகமே நிக்கலன்னு சார் எழுதி வச்சிருக்காரே."

"ஆமாம்மா" என்றேன். "அது எங்க காலனி வரைக்கும்."